ஒரு ரூபாய்க்கு எத்தனை உயிர்?

பழைய வீடியோ கேம் அரங்கு எதற்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் காசு போடும் துளையைத்தான் தேடும். திரை பிறகு. கைப்பிடி ஆடுகிறதா, பொத்தான் சிக்குகிறதா என்பதெல்லாம் அதற்கும் பிறகு. துளை திறந்திருக்கிறதா, அடைத்து வைத்திருக்கிறார்களா, அதில் நாணயம் போகுமா, டோக்கன் போகுமா என்று தெரிந்துவிட்டால், அங்கே என் பொழுது எப்படிப் போகும் என்று பாதி சொல்லிவிடுவேன். இது கிறுக்குத்தனமாகத் தெரியலாம். என் மகனுக்கு அப்படித்தான் தெரிகிறது. அவனுக்கு விளக்கவும்தான் இதை எழுதுகிறேன். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது வேறு விஷயம்.

நான் காசு எண்ணி விளையாடக் கற்றவன். 90-களின் பிற்பகுதியில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பிளைவுட்டில் அடித்த பெட்டிகள், உள்ளே சாதாரண டிவி, தலைக்கு மேல் ஒரு குழல் விளக்கு. கடைக்கார அண்ணனிடம் ஒரு ரூபாய் கொடுத்தால் ஒரு டோக்கன். எல்லோரும் அடித்துக்கொண்டு நின்றது ஒரே பெட்டியின் முன்னால்தான். அதை ‘முஸ்தபா’ என்போம். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் அந்த ஆட்டத்துக்கு வைத்த பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்பது பல வருடம் கழித்து இணையத்தில் பார்த்தபோதுதான் எனக்குத் தெரியும். நான்கு நாயகர்களில் ஒருவன் முஸ்தபா. மஞ்சள் தொப்பிக்காரன். ஓடிவந்து அவன் விடும் உதைக்காக ஊரே அவனைத்தான் எடுக்கும். இந்தியாவின் பாதிச் சந்துகளில் அந்த ஆட்டத்துக்கு அவன் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தக் கடையில் விளையாடியவர்களைவிடப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான் அதிகம். கையில் ஒரு ரூபாய் இருக்கிறவன் உடனே போட்டுவிட மாட்டான். அரைமணி நேரம் அடுத்தவன் தோளுக்குப் பின்னால் நின்று, கசாப்புக் கத்தியோடு வருகிற குண்டன் எந்தப் பக்கம் பாய்வான், எந்தப் பீப்பாயை உடைத்தால் கோழிக்கறி கிடைக்கும் என்று படித்துக்கொண்ட பிறகுதான் போடுவான். மூன்றாம் கட்டத்தில் கார் ஓட்டலாம். அதைத் தாண்டியவர்கள் எங்கள் வகுப்பில் ஓரிருவர். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது கேள்விப்பட்ட கதை மட்டும்தான். ஒருவன் கடைசியில் முஸ்தபாவே செத்துவிடுவான் என்று சத்தியம் செய்தான். நாங்கள் நம்பினோம்.

இந்த ஆட்டங்களை உருவாக்கியவர்களுக்கும் காசுதான் கணக்கு. 1972-இல் அடாரி நிறுவனம் தன் ‘பாங்’ பெட்டியைக் கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கூடத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தது. சில நாளில் பெட்டி வேலை செய்யவில்லை என்று அழைப்பு வந்தது. பழுது பார்க்கப் போன பொறியாளர் அல் ஆல்கார்ன் திறந்து பார்த்தால், உள்ளே காசு நிரம்பி அடைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே இந்தத் தொழிலின் கேள்வி முடிவாகிவிட்டது: ஒரு காசுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம்? ஆட்டக்காரர் செத்தால்தான் அடுத்த காசு விழும். மளமளவென்று செத்தால் கோபித்துக்கொண்டு பக்கத்துப் பெட்டிக்குப் போய்விடுவார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இடத்தில்தான் அந்தக் காலத்தின் நல்ல ஆட்டங்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன.

சில ஆட்டங்களுக்கு அந்த இடம் தற்செயலாகக் கிடைத்தது. தைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ 1978-இல் செய்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தில், சுடச் சுட எதிரிகள் வேகம் எடுப்பார்கள். உள்ளே இருந்த இன்டெல் 8080 சில்லுக்கு 55 வேற்றுக்கிரகத்தாரையும் நகர்த்துவது பெரும் பாரம். எண்ணிக்கை குறையக் குறைய அதற்கு வேலை குறைந்து, மீதி இருப்பவர்கள் தாமாகவே விரைந்தார்கள். அதை அவர் அப்படியே விட்டுவிட்டார். கடைசி ஒருவன் திரையின் குறுக்கே பறக்கும்போது ஏறும் படபடப்பு அந்தச் சில்லின் இயலாமையிலிருந்து வந்தது.

சில ஆட்டங்களில் வெட்கமே கிடையாது. அடாரி கேம்ஸ் 1985-இல் விட்ட ‘காண்ட்லெட்’ நான்கு பேர் சேர்ந்து ஆடுவது. அதில் உங்கள் உயிர் ஓர் எண்ணாகத் திரையில் இருக்கும். எதிரி யாரும் தொட வேண்டாம், சும்மா நின்றாலே ஆட்டோ மீட்டர் மாதிரி அது ஓடிக்கொண்டிருக்கும். என்ன, இங்கே இறங்குமுகமாக ஓடும். இன்னொரு காசு போட்டால் எண் ஏறும். நான்கு ஆட்டக்காரர்களும் விடாமல் போட்டுக்கொண்டிருக்க நான்கு காசுத் துளை. இதைக் கண்டுபிடித்தவரின் மூளையைப் பாராட்டுவதா, பெட்டியை உதைப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆட்டக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1979-இன் ‘ஆஸ்டராய்ட்ஸ்’ ஆட்டத்தில் ஒரே ஒரு பாறையை மட்டும் உடைக்காமல் விட்டுவைத்து, வருகிற பறக்கும் தட்டுகளை வேட்டையாடிக்கொண்டே இருந்தால் ஒரே காசில் மணிக்கணக்காக ஆடலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கடைக்காரர்கள் கதறினார்கள். 1981-இல் வந்த ‘ஆஸ்டராய்ட்ஸ் டீலக்ஸ்’ அந்தத் தந்திரத்தை அடைக்கும் விதமாகச் செய்யப்பட்டது.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் நான் போய்ப் பார்த்த இரண்டு பெரிய அரங்குகள் இந்தக் கேள்விக்கு நேர்மாறான இரண்டு விடைகளை வைத்திருக்கின்றன.

முதலாவது, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் லக்கோனியாவில், வின்னிபெசாக்கி ஏரிக்கரையை ஒட்டி இருக்கும் ஃபன்ஸ்பாட். பாஸ்டனிலிருந்து வடக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். 1952-இல் தொடங்கிய குடும்ப வியாபாரம். பௌலிங், மினி கோல்ஃப், பிங்கோ என்று எல்லாம் இருக்கிறது. நான் போனது அங்கே 1998-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் கிளாசிக் ஆர்கேட் மியூசியத்துக்காக. அருங்காட்சியகம் என்ற பெயரைக் கேட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 70, 80-களின் பெட்டிகள் வரிசையாக நின்று, டோக்கன் போட்டவுடன் ஓடுகின்றன. மங்கிய வெளிச்சம். அந்தக் காலத்துப் பாட்டு. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் தாராளமாக இடம். 1999 ஜூலையில் ‘பேக்-மேன்’ ஆட்டத்தின் முழு மதிப்பெண்ணான 33,33,360-ஐ முதன்முதலாக ஒருவர் எடுத்தது இங்கேதான். அதற்கு மேல் எடுக்க முடியாது. கட்ட எண்ணை வைத்திருக்கும் நினைவகத்தில் எட்டு பிட்தான் உண்டு, அதாவது 255 வரைதான் எண்ண வரும். 256-ஆம் கட்டத்தில் அது நிரம்பி வழிந்து, திரையின் வலப்பாதி குப்பையாகிவிடும்.

நண்பன் குடும்பத்தோடு போயிருந்தோம். திருச்சியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த அவனுடைய அம்மாவையும் வீட்டில் விட்டுவர மனமில்லாமல் அழைத்து வந்திருந்தான். அவர் முதலில் நாற்காலி எங்கே என்று கேட்டார். பிறகு, “இது ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு, தம்பி?” என்றார்.

“25 சென்ட், அம்மா.”

“அப்படியென்றால் இருபது ரூபாய்,” என்றார் கண நேரத்தில்.

‘சென்டிபீட்’ பெட்டிக்கு முன்னால் அவரை நிறுத்தினோம். 1981-ஆம் வருட ஆட்டம். கைப்பிடி கிடையாது, உள்ளங்கையால் உருட்டும் ஒரு பந்து, சுட ஒரு பொத்தான். அதை வடிவமைத்த இருவரில் ஒருவர் டோனா பெய்லி, அந்தக் காலத்தில் அடாரியின் ஆர்கேட் பிரிவில் அரிதாக இருந்த பெண். அம்மா பந்தை மாவு பிசைகிற கையால் ஒரு தள்ளு தள்ளினார். காளான்களுக்கு நடுவே பூரான் வளைந்து வளைந்து இறங்கியது. “ஐயோ, இங்கே வருகிறது பார், வருகிறது பார்” என்று அவர் போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதல் டோக்கன் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இரண்டாவது கொஞ்சம் நின்றது. மூன்றாவதைப் போடுவதற்கு முன் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது: டோக்கனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எப்படி ஆடுகிறார் என்று நிதானமாகப் பார்த்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. டோக்கனே சொல்லிக் கொடுத்தது. பிறகு நாங்கள் இன்னும் வாங்கித் தருகிறோம் என்றபோது, “தீர்ந்தது தீர்ந்ததுதான்” என்று போய் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது இடம் எங்கள் வீட்டுக்குக் கிட்டே. சிகாகோவின் புறநகரான நேப்பர்வில்லில் நாங்கள் இட்லி மாவு வாங்கப் போகும் அதே ஆக்டன் அவென்யூவில் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் புரூக்ஃபீல்ட் வரும். அங்கே கேலப்பிங் கோஸ்ட் ஆர்கேட். 2010-இல் திறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. உள்ளே 800-க்கும் மேற்பட்ட எந்திரங்கள். நான் முதலில் போனபோது நுழைவுக் கட்டணம் 20 டாலர். அதைக் கட்டிவிட்டால் நாள் முழுக்க எதில் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம். நடுவில் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். காசுத் துளைக்கு வேலையே இல்லை. திங்கட்கிழமைதோறும் ஒரு புதுப் பெட்டியை இறக்குகிறார்கள், எது என்று முன்கூட்டிச் சொல்வதில்லை.

சிகாகோவைச் சுற்றி இப்படி ஓர் இடம் இருப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. அமெரிக்காவின் நாணய எந்திரத் தொழிலே பெரும்பாலும் இந்த வட்டாரத்தில் வளர்ந்தது. பேக்-மேனை நாம்கோவிடமிருந்து உரிமம் பெற்று அமெரிக்காவுக்குச் செய்த மிட்வே, விமான நிலையத்தை ஒட்டிய ஃபிராங்க்ளின் பார்க்கில் இருந்தது. ‘டிஃபெண்டர்’ செய்த வில்லியம்ஸ் சிகாகோ நகருக்குள். 1992-இல் வந்து அமெரிக்க செனட் வரைக்கும் விசாரணைக்குப் போன ‘மார்ட்டல் காம்பாட்’ இந்த ஊர்ச் சரக்கு. நம்மூரில் நெல் விளைந்த வயலை ஒட்டியே அரிசி ஆலை இருப்பதை ஒருவரும் வியக்க மாட்டார்கள். ஆனால் இதையெல்லாம் நேப்பர்வில்லில் பத்து வருடமாக இருக்கும் நண்பர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

உள்ளே முதல் பத்து நிமிடம் யாருக்கும் விளையாட வராது. சந்து சந்தாக, தோளோடு தோள் ஒட்டிப் பெட்டிகள். ஒவ்வொன்றும் தன்னைக் கவனிக்கச் சொல்லிக் கூவுகிறது. வெடிச் சத்தம், கராத்தேக் கூச்சல், எங்கோ ஒரு கார்ப் பந்தயத்தின் டயர் அலறல், எல்லாம் சேர்ந்து ஓர் இரைச்சலாகி, சற்று நேரத்தில் காது அதை மறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மனிதர்களைப் பார்க்கலாம். பள்ளிப் பையன்கள் ஒரு கும்பலாக வந்தார்கள். ஒரு பெட்டியில் கை வைப்பது, இரண்டு அடி வாங்குவது, சாகும் முன்பே விட்டுவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடுவது. அவர்கள் விட்டுப்போன நாயகர்கள் வரிசை முழுக்க அநாதையாக நின்று உதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். 25 சென்ட் போட்டிருந்தால் எவனும் அப்படி விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டான்.

அதே அறையில் ஒரு நடுத்தர வயதுக்காரர். காலையில் நாங்கள் நுழைந்தபோது ‘ரோபோட்ரான்’ முன்னால் நின்றார். சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் அங்கேயே நின்றார். கீழே தண்ணீர் பாட்டில். ஓர் ஆட்டம் சரியாக அமையவில்லை என்றால் தாமே உயிரைவிட்டு மறுபடி முதலிலிருந்து. என் மகன் அவருக்குப் பின்னால் நின்று வாய் பிளந்து பார்த்தான். அவர் திரும்பாமலே அவனுக்கு ஒரு பாடம் எடுத்தார்: மூலையில் மாட்டிக்கொள்ளாதே, சுட்டுக்கொண்டே நகர், மனிதர்களைக் காப்பாற்றுவதில் பேராசைப்படாதே. காசுக் கணக்கு இருந்த காலத்தில் இத்தனை மணி நேரப் பயிற்சிக்கு அவர் எவ்வளவு அழ வேண்டியிருந்திருக்கும்!

ஆக, ஒரே கட்டணம் என்பது இரண்டு வகையினருக்கு வரம். ஒன்றுமே தெரியாதவர்களுக்கும், எல்லாம் தெரிந்தவர்களுக்கும். ஒரு கைப்பிடியும் ஐந்து பொத்தானும் உள்ள ‘டிஃபெண்டர்’ போன்ற கொடுமையான ஆட்டத்தில் புதிதாகக் கை வைப்பவர் அரை நிமிடத்தில் செத்துப்போவார்; இங்கே அவமானமும் நஷ்டமும் இல்லாமல் பத்து முறை சாகலாம். நடுவில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்குத்தான் சிக்கல். ஓரளவு ஆடத் தெரியும், ஆனால் ஒழுங்காக ஆட ஒரு பயம் வேண்டும்.

இது எனக்கு உறைத்தது முஸ்தபாவிடம். பெட்டியைப் பார்த்ததும் மகனை இழுத்து வந்து இரண்டாம் ஆளாக நிறுத்தினேன். முஸ்தபாவை நான் எடுத்துக்கொண்டேன்; அதில் விட்டுக்கொடுக்க முடியாது. முதல் கட்டத்தில் கை தானாகப் பழைய வழிக்கு வந்தது. கத்திக் குண்டனை அவன் பாயும் முன் மேல்நோக்கி விலகி முதுகில் உதைத்தேன். மூன்றாம் கட்டத்தின் கார். அதைத் தாண்டியதும் எனக்கு முன்பின் தெரியாத நிலம். எரியும் கிராமம், சுரங்கம், உருமாறிய பிராணிகள். உயிர் தீர்ந்து திரையில் பத்திலிருந்து எண் இறங்கும்போதெல்லாம் மகன் யோசிக்காமல் தொடக்கப் பொத்தானை அமுக்குகிறான். நானும் அமுக்குகிறேன். ஆறாம் கட்டத்துக்கு வரும்போது என்னையே கவனித்தேன்: விலகவே இல்லை. விலகத் தெரிந்தவன், நின்ற இடத்தில் நின்று அடி வாங்கி, செத்து, எழுந்து, மறுபடி அடி வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் கடைசி எதிரியும் விழுந்தான். முஸ்தபா சாகவில்லை. சத்தியம் செய்தவன் இப்போது கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் இருக்கிறான். அவனுக்கு வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்பினேன். “கடைசிக் கட்டத்தை எத்தனை காசில் முடித்தாய்?” என்று பதில் வந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டிலேயே கணினியில் இவை எல்லாம் கிடைக்கும்போது இவ்வளவு தூரம் போவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. பல ஆட்டங்களுக்கு அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் ‘ஆஸ்டராய்ட்ஸ்’, ‘டெம்பெஸ்ட்’ இரண்டையும் அசல் பெட்டியில் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். இவற்றின் திரை நம் டிவிபோல் வரி வரியாகப் படத்தை நிரப்புவதில்லை. பிக்சர் டியூபுக்குள் இருக்கும் எலக்ட்ரான் கற்றை ஒரு பேனாவைப்போல நேராகக் கோடு இழுக்கிறது. அதனால் கோட்டில் படிக்கட்டுபோன்ற கட்டங்கள் இல்லை. கற்றை கொஞ்சம் நின்ற இடத்தில், அதாவது கப்பல் சுடும் குண்டில், ஒளி கண்ணைக் குத்தும். தட்டைத் திரையில் எத்தனை பிக்சல் சேர்த்தாலும் அந்தக் கறுப்பும் அந்த வெண்மையும் வருவதில்லை. துப்பாக்கி ஆட்டங்கள் பலவும் டியூபை நம்பித்தான் இருக்கின்றன: திரையில் ஒளிப்புள்ளி கடந்து போகும் நேரத்தை வைத்துத்தான் துப்பாக்கி எங்கே பார்க்கிறது என்று எந்திரம் கணிக்கிறது. டியூபை மாற்றினால் துப்பாக்கி குருடாகிவிடும். அந்த டியூபுகளைப் புதிதாகச் செய்வோர் இப்போது கிட்டத்தட்ட இல்லை. பழைய டிவிக்களிலிருந்து உருவி, மின்தேக்கிகளை மாற்றி, இவர்கள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடை திறப்பவர்களும் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம், நகருக்குள் ஒரு மதுக்கூடம். பழைய ஆட்டங்கள் என்று நியான் விளக்கில் எழுதியிருந்தது. உள்ளே எல்லாம் புதுப் பெட்டி, மலிவான தட்டைத் திரை, ஒரே பெட்டியில் அறுபது ஆட்டங்கள். பொத்தானை அமுக்கிக் கண் சிமிட்டிய பிறகு நாயகன் குதிக்கிறான். கைப்பிடியில் யாரோ கொட்டிய பீர் காய்ந்து ஒட்டியது. ஒரு கோக்குக்கு வாங்கிய விலையில் லக்கோனியாவில் நண்பனின் அம்மா ஒரு மாலை முழுக்கப் பூரான் வேட்டையாடியிருப்பார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. புரூக்ஃபீல்டுக்கு வார நாளில் கதவு திறக்கும் நேரத்தில் போங்கள், சனிக்கிழமை மாலை வேண்டாம். நின்றே ஆட வேண்டும், நல்ல செருப்பு போடுங்கள். ‘ரோபோட்ரான்’ மாதிரி இரட்டைக் கைப்பிடி ஆட்டங்களை முதலிலேயே ஆடிவிட்டால் மணிக்கட்டு போய்விடும், கடைசிக்கு வையுங்கள். லக்கோனியாவுக்கு அங்குள்ள குளிர்காலத்தில் போவதானால் பனிச்சாலையை யோசித்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு ஒரு முக்காலி கேட்டு வாங்கலாம்.

இப்போதெல்லாம் புரூக்ஃபீல்ட் போகும்போது நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒரு பெட்டிக்கு மூன்று ஆட்டம். தொடர்வதற்கான எண் இறங்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வது. மகனுக்கு இது சுத்தமாகப் புரியவில்லை. “காசே கேட்கவில்லையே அப்பா, நீங்களாக ஏன் நிறுத்திக்கொள்கிறீர்கள்?” என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறான். முஸ்தபாவில் இந்த விதிப்படி நான் இன்னும் நாலாம் கட்டத்தைப் பார்க்கவில்லை. அவன் ஏழாம் கட்டத்தில் நின்று என்னைக் கூப்பிடுகிறான்.

அடுத்த கோடையில் டோக்கியோ வழியாக ஊருக்குப் போகத் திட்டம். தகடனோபாபாவில் மிகாடோ என்று இரண்டு மாடிக் கடை இருக்கிறது. இன்றைக்கும் அங்கே 100 யென் நாணயத்தைத் துளையில் போட்டால்தான் ஆட்டம். மகனிடம் பத்து நாணயம் கொடுத்துவிட்டு நான் பின்னால் நிற்பதாக ஒப்பந்தம். பதினொன்றாவது கேட்டால் தருவதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.